வேட்டை நாள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகும் பருவம், எந்தக் கிழமையானாலும் நவம்பர் 15-இல் தொடங்குவது வழக்கம். வேலை, குடும்பம் என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கும் பிள்ளைகள் அதையொட்டி விடுப்பு எடுத்துப் பெற்றோருடன் காட்டில் கூடாரம் அடிக்கிறார்கள். நாள் குறித்துவிட்டதால்தான் இந்தச் சந்திப்பு தள்ளிப்போவதில்லை. உறவைப் பேண ஓர் உயிரைக் கொல்ல வேண்டுமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் ஏராளம். அவர்களும் மறுவருடம் தவறாமல் போகிறார்கள். விடியுமுன், குளிரில், ஆரஞ்சு நிற மேலாடையோடு மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருக்கையில் பெற்றவருக்கு அறிவுரை சொல்ல வழியில்லை. வளர்ந்த பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! மான் கிடைத்துவிட்டாலோ, இழுத்துவரவும் தோலுரிக்கவும் இறைச்சியைப் பங்கிடவும் நாலு கை வேண்டும். அங்கே அப்பா சொல்லிக்கொடுத்த வேலையை மகளே முன்னின்று செய்கிறாள்.