இல்லாத காலில் வலி: சொன்னால் ஸப்ரு போய்விடுமா?



கால் எடுக்கப்பட்ட ஒருவர், எடுத்த அந்தக் காலே வலிக்கிறது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா?

சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்ட பெரியவர் ஒருவர் இஷாவுக்குப் பிறகு என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், ராத்திரியானா இல்லாத விரலை யாரோ முறுக்குற மாதிரி இருக்கு. 'கால்தான் இல்லையே அத்தா, எது வலிக்குது?'ன்னு மகன் கேக்குறான். அடக்குன காலை ஒழுங்கா வைக்கலையோன்னு வீட்டுல பேசிக்கிறாங்க. உர்வா நாயகம் சம்பவத்தை பயான்ல கேட்டதுலேர்ந்து நான் வாயே திறக்கிறதில்ல. கத்துனா ஸப்ரு போயிடுமா?"

அடக்கியதில் கோளாறு ஏதும் இல்லை. உயிரோடு இருப்பவரின் உறுப்புக்குக் குளிப்பாட்டலும் இல்லை, ஜனாஸாத் தொழுகையும் இல்லை. துணியில் சுற்றி மண்ணில் புதைப்பது மனித உடலுக்குச் செய்யும் மரியாதை. அது எந்தப் பக்கம் திரும்பிக் கிடந்தாலும் இவருக்கு வலிக்காது.

வலி வருவது மூளையிலிருந்தும் நரம்பிலிருந்தும். உடலின் ஒவ்வொரு பாகத்துக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு. கால் போனாலும் அந்த இடம் போவதில்லை. வெட்டுப்பட்ட நரம்பு முனைகளும் தாறுமாறாகச் செய்தி அனுப்புகின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த வீரர்களைப் பார்த்த சைலஸ் வியர் மிட்செல் என்ற மருத்துவர் 1871-லேயே இதற்கு 'ஃபாண்டம் லிம்ப்' என்று பெயர் வைத்துவிட்டார். நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், 1990-களில் ஒரு கண்ணாடியை வைத்தே சிலருக்கு இந்த வலியைக் குறைத்துக் காட்டினார். நல்ல கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும். அது அசைவதைக் கண் பார்க்கும்போது, இறுகிக் கிடந்த கை விரிந்ததாக மூளை எடுத்துக்கொள்கிறது. இப்போது காலுக்கும் அதைச் செய்கிறார்கள். எல்லோருக்கும் பலிப்பதில்லை. ஆனால் இது மனப்பிரமையும் அல்ல, நடிப்பும் அல்ல.

உளூவை யோசித்துப் பாருங்கள். கணுக்காலுக்கு மேலே வெட்டப்பட்டவருக்கு அந்தக் காலைக் கழுவும் கடமை நீங்கிவிடுகிறது. உறுப்போடு கட்டப்பட்ட சட்டம் உறுப்போடு போய்விட்டது. வலி அப்படியல்ல. அது உறுப்பின் சொத்தல்ல, மனிதரின் சொத்து. ஒரு முள் குத்தினாலும் முஃமினின் பாவம் அதனால் மன்னிக்கப்படுகிறது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்களே, அந்த நற்செய்தி பாதத்துக்கா, ஆளுக்கா? இல்லாத பாதத்தில் முள் தைப்பதாக உணர்பவரும் அந்த ஆள்தான்.

இனி உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்கள். அஸ்மா (ரலி) அவர்களின் மகன், மதீனாவின் ஏழு ஃபகீஹ்களில் ஒருவர். கலீஃபா வலீதைக் காண டமாஸ்கஸ் சென்றபோது கால் அழுகியது. அறிவை மயக்கும் பானத்தை மறுத்துவிட்டு, காலை வெட்ட இசைந்தார்கள். அதே பயணத்தில் ஒரு மகனையும் இழந்தார்கள். எடுத்ததற்காக அழாமல், மிச்சம் வைத்ததற்காக அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள். மகத்தான சம்பவம்தான். ஆனால் பயான்களில் இதைச் சொல்லும் விதத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஒருவருடைய ஈமானின் உச்சத்தை எடுத்து, இன்னொரு நோயாளியின் வாயில் துணியாக அடைக்கிறோம். அவர்கள் மறுத்தது போதையை. டாக்டர் எழுதித் தரும் நரம்பு மாத்திரையை விழுங்குவது ஸப்ருக்கு எந்தக் குறையும் இல்லை.

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் நோயாளிகள் பற்றிய பகுதியில், எனக்கு வலிக்கிறது, என் தலையே என்றெல்லாம் நோயாளி சொல்ல அனுமதி உண்டு என்று தனித் தலைப்பே இட்டிருக்கிறார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் தலைவலியால் முனகியபோது, நபி (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை. தம் தலையும் வலிப்பதாகத்தான் சொன்னார்கள். அய்யூப் (அலை) அவர்கள் தமக்குத் துன்பம் தீண்டிவிட்டதாகத் தம் ரப்பிடம் முறையிட்டார்கள். அந்த நபியைத்தான் அல்லாஹ் பொறுமையாளர் என்று புகழ்கிறான். அல்லாஹ்வைக் குறை சொல்வது வேறு, வலியைச் சொல்வது வேறு.

எனவே அந்தப் பெரியவரிடம், கத்துங்கள் அத்தா, யா அல்லாஹ் என்று கத்துங்கள் என்றேன். மகனையும் கூப்பிட்டுப் பேசினேன். வலி எந்த நேரத்தில் வருகிறது, எரிகிறதா, முறுக்குகிறதா, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி, அறுவை செய்த டாக்டரிடம் காட்டச் சொன்னேன். கால் ஆறிவிட்டது என்று அங்கே போவதையே நிறுத்தியிருந்தார்கள். இந்த வலியைப் பற்றி டாக்டருக்கு யாருமே சொல்லவில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், இன்று ஜும்ஆ முடிந்து போனதும் பக்கத்தில் உட்கார்ந்து, நேற்று ராத்திரி எப்படி இருந்தது என்று கேளுங்கள்.