நமக்குத் தரப்படாத இசை

கலைஞன் தான் செய்த ஒன்றைக் காட்டி "இது வேண்டாம், விட்டுவிடு" என்று சொன்ன பிறகு, அதை எடுத்து வைத்துக்கொண்டு கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? ஜாஸ் இசையில் ஈடுபாடு கொண்டவர்கள், அதிலும் அரிய ஒலிப்பதிவுகளைத் தேடிச் சேர்க்கிறவர்கள், இந்தக் கேள்வியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறோம். கிடைக்காதது கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், அது ஏன் இத்தனை நாள் கிடைக்காமல் இருந்தது என்று யோசிக்க மறந்துவிடுகிறோம்.

பொதுவாகப் பேசினால் பிரச்சினை நழுவிவிடும். ஒரே ஒரு பதிவை எடுத்துக்கொள்ளலாம். 1946 ஜூலை 29. ஹாலிவுட்டில் டயல் என்ற சிறு இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்க வருகிறார் சார்லி பார்க்கர். வயது இருபத்தைந்து. முந்திய டிசம்பரில் டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழுவோடு லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தவர், குழு நியூயார்க் திரும்பியபோது அங்கேயே தங்கிவிட்டார். ஹெராயின் பழக்கம் உண்டு. அது அந்த ஊரில் எளிதில் கிடைக்காமல் போனதும் மதுவில் விழுந்தார். அன்று சரியாக நிற்கக்கூட முடியாத நிலை. 'லவர் மேன்' என்ற மெதுவான பாடலை வாசிக்கும்போது நிறுவனத்தின் சொந்தக்காரர் ராஸ் ரஸ்ஸல் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார் என்கிறார்கள். பியானோவின் முன்னிசை முடிகிறது, சாக்ஸபோன் வரவில்லை. எடுப்பு தவறி, சில தாளக் கட்டங்கள் கடந்த பிறகே வருகிறது. வந்த பிறகும் வாக்கியங்கள் பாதியில் நிற்கின்றன. அன்றிரவு அவர் தங்கியிருந்த ஓட்டல் அறையில் தீ, தொடர்ந்து கைது, பிறகு காமரில்லோ மனநல மருத்துவமனையில் ஆறு மாத காலம். அந்தப் பதிவை ரஸ்ஸல் வெளியிட்டார். பார்க்கர் அதை வெறுத்தார். வெளியிட்டதற்காக ரஸ்ஸலை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை என்பது ஜாஸ் உலகம் அறிந்த செய்தி.

ரஸ்ஸலைக் கயவராக்கிவிட்டு நாம் தப்பித்துக்கொள்வது சுலபம். ஆனால் காமரில்லோவிலிருந்து பார்க்கரை வெளியே கொண்டுவரப் பாடுபட்டவரும் அவர்தான். 1973-ல் பார்க்கரின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியவரும் அவர்தான். தாங்கிப் பிடித்த கையும் தட்டை விற்ற கையும் ஒன்றே. ரசிகர்களாகிய நம் கையும் அந்த ஜாதியைச் சேர்ந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, கலை வெளிப்பட்டுவிட்டால் அது உலகத்தின் சொத்து. கலைஞனே அதன் நல்ல நீதிபதி என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பது. இதற்கு வலுவான சாட்சி உண்டு. பார்க்கரோடு வாசித்தவரும், சாதாரணமாக யாரையும் புகழ்ந்துவிடாதவருமான சார்லஸ் மிங்கஸ், குறைகளோடுகூடிய இந்த 'லவர் மேன்' பதிவையே பார்க்கரின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாகக் கருதினார். காஃப்காவின் கதை இங்கே உடனே ஞாபகத்துக்கு வரும். எரித்துவிடச் சொன்ன கைப்பிரதிகளை மாக்ஸ் ப்ராட் எரிக்கவில்லை. காஃப்கா 1924-ல் இறந்தார், 1925-ல் 'விசாரணை' வெளிவந்தது. ப்ராட் சொன்னபடி கேட்டிருந்தால் நமக்கு நஷ்டம் என்பதை யார் மறுப்பார்கள்?

ஆனால் இந்த ஒப்புமை பாதி தூரம்தான் வரும். எழுத்தாளன் தன் பக்கத்தோடு தனியாக இருக்கிறான். அடிக்கலாம், கிழிக்கலாம், பத்து வருஷம் பெட்டியில் போட்டு வைக்கலாம். மனோதர்மத்தால் வாழும் கலைஞனுக்கு இந்த வசதி இல்லை. யோசிப்பதும் எழுதுவதும் வெளியிடுவதும் அவனுக்கு ஒரே கணத்தில் நடக்கின்றன. ஒலிப்பதிவுக் கூடத்தில் மட்டும் அவனுக்கு ஒரு சின்ன சலுகை கிடைத்தது: ஒரே பாட்டை நாலைந்து முறை வாசித்து, இது இருக்கட்டும், மற்றது போகட்டும் என்று சொல்ல முடிந்தது. அவன் கையிலிருந்த சிவப்பு மசிப் பேனா அது ஒன்றுதான். ஒதுக்கப்பட்ட பதிவுகளையெல்லாம் தேடி வெளியிடச் செய்யும் நாம், அந்தப் பேனாவைப் பிடுங்கிக்கொள்கிறோம்.

இரண்டாவது பதில், அப்படியானால் கலைஞனின் விருப்பமே இறுதி, அவன் ஒதுக்கியதைத் தொடவே கூடாது என்பது. இதுவும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாதது. 1945 நவம்பர் 26 அன்று ஸவாய் நிறுவனத்துக்காகப் பார்க்கர் 'கோ-கோ'வைப் பதிவு செய்தபோது, முதல் முயற்சியில் குழு 'செரோக்கி' என்ற பழைய பாட்டின் மெட்டுக்குள் போய்விட, வாசிப்பு பாதியில் நிறுத்தப்பட்டது. முறிந்துபோன அந்தத் துண்டும் இன்று கிடைக்கிறது. அதைக் கேட்டுவிட்டு முழுப் பதிவைக் கேட்டால், தெரிந்த மெட்டை உதறிவிட்டு அதன் எலும்புக்கூட்டின் மேல் புதிதாக ஒன்றைக் கட்டி எழுப்பும் காரியம் கண்முன் நடக்கிறது. இதில் பார்க்கருக்கு இழப்பு ஒன்றுமில்லை. ஒரு தேர்வு எப்படிப்பட்ட தேர்வு என்பதை, விடப்பட்டதைப் பார்த்தே தெரிந்துகொள்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நியூ ஆர்லியன்ஸில் பட்டி போல்டன் என்ற கார்னெட் கலைஞர் இருந்தார். ஜாஸின் ஆதிபுருஷர் என்று சொல்லப்படுகிறவர். 1907-ல் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, 1931-ல் அங்கேயே இறந்தார். அவர் வாசித்ததில் ஒரு நொடிகூட இன்று நம்மிடம் இல்லை. மெழுகு உருளை ஒன்றில் பதிவானதாக ஒரு பழைய பேச்சு உண்டு. அதைத் தேடியவர்கள் உண்டு. அது நாளை அகப்பட்டால் கேட்க மாட்டேன் என்று நான் சொன்னால் அது பாசாங்கு. அழிவதில் தனியான புனிதம் ஒன்றும் கிடையாது.

ஆகவே கோடு வேறு இடத்தில் விழ வேண்டும். போதாது என்று கலைஞன் ஒதுக்கியது ஒன்று. மறுக்கிற சக்தி அவனிடம் இல்லாதபோது அவனிடமிருந்து எடுக்கப்பட்டது வேறொன்று. 'கோ-கோ'வின் முறிந்த துண்டு முதல் வகை. அங்கே பார்க்கர் முழுப் பிரக்ஞையோடு இருந்தார். 'லவர் மேன்' இரண்டாவது வகை. இரண்டையும் 'அரியது' என்ற ஒரே சீட்டு ஒட்டி ஒரே அலமாரியில் வைப்பதுதான் சேகரிப்பவனின் ஒழுக்கக்கேடு. அரிது என்பது சந்தையின் அளவுகோல். அது இசையைப்பற்றியும் ஒன்றும் சொல்லாது, மனிதனைப்பற்றியும் சொல்லாது.

அன்பு இந்தக் கேட்டிலிருந்து காப்பாற்றிவிடும் என்றும் சொல்ல முடியாது. டீன் பெனடெட்டி என்ற சாக்ஸபோன் கலைஞர் பார்க்கர் மேல் பக்தி கொண்டவர். 1947-லும் 1948-லும் லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் விடுதிகளில் பதிவுக் கருவியைக் கொண்டுபோய் வைத்துப் பார்க்கர் வாசித்ததையெல்லாம் பிடித்தார். மற்றவர்கள் வாசிக்கத் தொடங்கியதும் பெரும்பாலும் கருவியை நிறுத்திவிடுவார். அவர் 1957-ல் இறந்தார். பதிவுகள் 1990-ல் மொஸெய்க் நிறுவனத்தின் மூலம் வெளிவந்தன. விலைமதிப்பில்லாதவைதான், மறுக்கவில்லை. ஆனால் கேட்கும்போது மூச்சு முட்டுகிறது. டிரம்பெட் சொன்னதற்குப் பதிலாகத்தான் சாக்ஸபோன் பேசியிருக்கும். டிரம்பெட் சொன்னது நமக்கு இல்லை. நண்பர்களுக்கு நடுவே பேசிக்கொண்டிருந்த மனிதனைத் தனியே பிரித்து, தனக்குத்தானே புலம்புகிறவனாக ஆக்கியிருக்கிறது பக்தி.

ஹூலியோ கொர்த்தஸார் 1959-ல் வெளிவந்த தொகுப்பில் பார்க்கரின் நினைவுக்குச் சமர்ப்பித்து ஒரு நீண்ட கதை எழுதினார். அதிலும் இப்படி ஒரு பதிவு வருகிறது; கலைஞன் அதை அழித்துவிடச் சொல்கிறான். கதையைச் சொல்கிறவன் விமர்சகன், அந்தக் கலைஞனைப்பற்றிப் புத்தகம் எழுதியவன். கலைஞன் வீழ்ச்சியாகக் கண்டதில் இவன் மகத்துவத்தைக் காண்கிறான். இவனுடைய ரசனையில் பிழையில்லை. ஆனால் இவனுடைய புத்தகத்துக்கு அந்த வீழ்ச்சி தேவைப்படுகிறது. எழுதுகிற நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

'லவர் மேனை'க் கேட்டு நெகிழ்கிறவர்களிடம் ஒன்று கேட்கலாம். ஜூலை 29-ன் கதை எதுவும் தெரியாமல் கேட்டிருந்தால் இதே அளவு நெகிழ்வீர்களா? ஆம் என்றால் அது இசையின் வேலை. மிங்கஸுக்கு அப்படி இருந்திருக்கலாம். இல்லையென்றால், நாம் அனுபவிப்பது ஒருவன் விழுவதை. தெருவில் விழுபவனைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறதே, அந்த ரசனைக்கு மேலான பெயர் எதையும் நாம் இதற்குக் கொடுக்க முடியாது.

பார்க்கர் இதற்குப் பதில் சொல்லாமல் போகவில்லை என்பதுதான் முக்கியம். 1951-ல், நார்மன் கிரான்ஸுக்காக, ரெட் ராட்னி டிரம்பெட் வாசிக்க, அதே 'லவர் மேனை' அவர் மறுபடியும் பதிவு செய்தார். எடுப்பு தவறவில்லை, வாக்கியங்கள் முடிகின்றன. தான் மறுத்ததற்குப் பதிலாகத் தன் வாயாலேயே இன்னொன்றைத் தந்தார்; கலைஞனுக்கு இதைவிடத் தெளிவாகப் பேச வழியில்லை. நான்கு ஆண்டுகளுக்குள், 1955 மார்ச்சில், முப்பத்திநாலு வயதில் இறந்துபோனார். ஆனால் ரசிகர்கள் கூடினால் பேசுவது 1946-ஐப்பற்றித்தான். அவர் கையால் தந்ததைவிட, அவர் கை நடுங்கியபோது நழுவி விழுந்தது நமக்கு உசத்தியாக இருக்கிறது.

வெளிவந்துவிட்ட தட்டை இனி யாரும் திரும்பப் பெற முடியாது. கேட்காமல் இருப்பதால் பார்க்கருக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. நம்மால் ஆகக்கூடியது ஒன்று உண்டு: 1951-ஐ முதலில் கேட்பது, அதையே பார்க்கரின் 'லவர் மேன்' என்று சொல்வது, மற்றதைக் கேட்க நேரும்போது, அது நமக்குத் தரப்பட்டதல்ல, எடுத்துக்கொண்டது என்ற நினைவோடு கேட்பது. அந்த நினைவு ரசனையைக் கெடுக்கும் என்பார்கள். கெட்டுப்போகிற ரசனையென்றால் போகட்டும்.