ரிஜ்க் தாமதமாகும்போது

பிள்ளை பட்டதாரியாகிவிட்டான் என்ற செய்தி வந்ததும் நம் இல்லங்களில் இனிப்பு வழங்குகிறோம். உறவினர் வந்து வாழ்த்துகிறார்கள். உம்மாவின் கண்கள் நிறைகின்றன. இதெல்லாம் முதல் மாதத்தில். மூன்றாவது மாதத்தில் 'இன்னுமா வேலை கிடைக்கவில்லை?' என்ற கேள்வி ஆரம்பமாகிறது. ஆறாவது மாதத்தில் கல்யாண வீட்டிற்குச் செல்லவும் அந்தப் பிள்ளை கூசுகிறான். ஓர் இடம் காலியென்றால் நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பிக்கும் காலம் இது. படிப்பில் குறைவில்லாத பிள்ளையும் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது.

பட்டத்திற்கும் முதல் சம்பளத்திற்கும் இடையிலுள்ள அந்த மாதங்களைப் பற்றியே இங்கு எழுத நாடுகிறோம். ஒரு வாலிபன் தன் சம்பாத்தியத்தின் அஸ்திவாரத்தை ஹலாலில் போடுகிறானா, ஹராமில் போடுகிறானா என்பது பெரும்பாலும் இந்த நாட்களில்தான் தீர்மானமாகிறது.

இப்னு மாஜாவில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று உண்டு. எந்த ஆத்மாவும் தனக்குரிய ரிஜ்கை, அது வரத் தாமதமானாலும் சரியே, முழுமையாகப் பெறாமல் மரணிப்பதில்லை. ஆகவே அல்லாஹ்வை அஞ்சி அழகிய முறையில் தேடுங்கள். ஹலாலானதை எடுத்துக்கொண்டு ஹராமானதை விட்டுவிடுங்கள் என்பது அதன் கருத்து. ரிஜ்க் தாமதமே ஆகாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தாமதம் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லி, அப்போது கை எந்தப் பக்கம் நீளக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டார்கள்.

கை நீளும் பக்கம் எதுவென்று நமக்கு ஓரளவு தெரியும். மஸ்அலா கேட்க வரும் வாலிபர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது இதுதான்: "ஹஜ்ரத், எல்லாக் கம்பெனியிலும் இரண்டு வருடம், மூன்று வருடம் அனுபவம் கேட்கிறார்கள். ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு அனுபவச் சான்றிதழ் தருகிறார். சம்பளச் சீட்டும் சேர்த்தே தருகிறார். வேலை எனக்கு நன்றாகத் தெரியும். இது கூடுமா?"

கூடாது. ஆனால் இந்த ஒரு சொல்லோடு அவனை அனுப்பிவிடுவது முறையன்று. கேட்பவன் மனம் நொந்து கேட்கிறான். கேட்காமலே வாங்கிவிடுபவர்களைவிட அவன் எவ்வளவோ மேல்.

நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முறை, விற்பனைக்குக் குவித்து வைத்திருந்த தானியத்தினுள் கையை விட்டார்கள். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே விரல்களில் ஈரம் தட்டுப்பட்டது. மழை பட்டுவிட்டது என்று வியாபாரி சமாதானம் சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் இந்நிகழ்ச்சியைச் சற்றே நிதானித்துப் பாருங்கள். மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமா? இல்லை. தானியம் நனைந்தது அவர் குற்றமா? அதுவும் இல்லை. நனைந்ததை மறைத்தார், அதுவே குற்றம். நேற்றுத்தான் படித்து முடித்தவனுக்கு அனுபவம் இல்லாமலிருப்பது அந்த மழை ஈரத்தைப் போன்றதே. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவன் கடைவீதிக்குக் கொண்டுவரும் சரக்கு அவனுடைய உழைப்பு. அதன்மீது மூன்று வருடப் பொய்யைக் காயவைத்துப் பரப்பினால், குவியலுக்குள் கைவிட்டுப் பார்ப்பவன் ஒருவன் இருக்கிறான்.

இதற்கு மாறாக, தன் தகுதியைச் சொல்வதே தற்பெருமையாகிவிடுமோ என்று அஞ்சி வாய் திறவாத பிள்ளைகளும் நம்மிடம் உண்டு. அவர்கள் நபி யூசுஃப் (அலை) அவர்களைப் பார்க்கட்டும். அந்நிய நாடு, சிறையிலிருந்து வந்தவர்கள், சிபாரிசு செய்ய உறவினர் எவருமில்லை. அப்படியிருந்தும் எகிப்து மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைத் தமக்குத் தருமாறு தாமே கேட்டார்கள். தாம் பாதுகாப்பவர், அறிந்தவர் என்ற இரண்டு தகுதிகளையும் எடுத்துரைத்தார்கள். தேவை ஏற்படும்போது தன் தகுதியைத் தானே சொல்லலாம் என்பதற்கு உலமாக்கள் இதையே ஆதாரமாகக் காட்டுவார்கள். சொன்னவை இரண்டே, இரண்டும் உண்மை. நம் பிள்ளைகளின் நிலையோ விசித்திரமானது. வாப்பாவின் கடையில் நான்கு வருடம் மாலை நேரங்களில் கணக்கு எழுதியவன், தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தவன், அதை விண்ணப்பத்தில் எழுத வெட்கப்படுகிறான். வாசலைக்கூட மிதிக்காத கம்பெனியின் பெயரை எழுதத் துணிகிறான்!

'எல்லோரும் செய்கிறார்களே' என்பார்கள். மறுமையில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கேள்வியா கேட்கப்படும்? 'நிர்ப்பந்தம்' என்பார்கள். மார்க்கம் சொல்லும் நிர்ப்பந்தம், உண்ண வேறொன்றுமின்றி உயிருக்கே ஆபத்து வரும் நிலை போன்றது. ஊரார் பேசுகிறார்கள் என்பது அதில் சேராது. இதில் அடியார்களின் உரிமையும் கலந்திருக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் காத்திருந்த மற்றொரு ஏழைப் பிள்ளையின் இடத்தை இந்தக் காகிதம் பறித்திருக்கலாம். அவன் யாரென்றே தெரியாதபோது யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

உலகக் கணக்கிலும் இது நஷ்டமே. வருங்கால வைப்பு நிதியில் சேரும் ஊழியருக்கு 2014 முதல் ஒரே நிரந்தர எண் தரப்படுகிறது. எந்த நிறுவனத்தில் எந்தக் காலம் வரை இருந்தார் என்பது அதில் தெரிந்துவிடும். வேலையில் சேர்ந்து மாதங்கள் கழிந்த பின்னும் அதைச் சரிபார்த்து வெளியேற்றும் நிறுவனங்கள் உண்டு. போலி ஆவணம் நாட்டின் சட்டப்படியும் குற்றம். எனினும், பிடிபடுவோம் என்பதற்காக மட்டும் விட்டுவிடுகிறவன், பிடிபடாத வழி ஒன்று கிடைத்தால் திரும்பவும் செய்வான்.

ஏற்கெனவே இப்படிச் சேர்ந்துவிட்டவர் என்ன செய்வது? இதையும் கேட்கிறார்கள். அந்த வேலைக்குரிய திறமை உண்மையிலேயே இருந்து, அதை ஒழுங்காகச் செய்துவந்தால், செய்த வேலைக்கான கூலி ஆகுமானது. பொய் சொன்ன பாவத்திற்கு தவ்பா அவசியம் என்று உலமாக்கள் பலர் விளக்கமளித்துள்ளனர். திறமையே இல்லாமல், தெரியாத வேலையில் அமர்ந்துகொண்டு சம்பளம் பெறுவது வேறு விஷயம். அதற்கு இந்தச் சலுகை இல்லை. நாளை சேரப் போகிறவர் இதைச் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. தவ்பாவை முன்கூட்டியே திட்டமிட்டுக்கொண்டு செய்யும் பாவம் அல்லாஹ்விடம் விளையாடுவதாகும். (வங்கி, காப்பீட்டு உத்தியோகங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அது நீண்ட மஸ்அலா, தனியே எழுதவேண்டும்.)

உத்தியோகத்திற்காக லஞ்சம் கொடுப்பதைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. கொடுப்பவர், வாங்குபவர் இருவர் மீதும் சாபம் வந்துள்ளது. அதற்காக நகையை அடகு வைக்கும் தாய்மார்கள் இதை அறிந்திருக்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று விசாரிக்காமல் பணமும் பாஸ்போர்ட்டும் கொடுக்கலாகாது. 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிச் சென்ற வாலிபர்கள், தமிழ்நாட்டவர் உட்பட, மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இணையத்தின் வழியே பிறரை ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலையில் அடைக்கப்பட்டார்கள். மீட்கப்பட்டவர்கள் சொன்னதைப் பத்திரிகைகளில் படித்தபோது மனம் பதறியது. சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு, வேலை என்ன என்று கேட்காமல் எந்தப் பிள்ளையையும் விமானம் ஏற்றிவிடாதீர்கள்.

அப்படியானால் தவக்குல் வைத்து வீட்டில் இருந்துவிடுவதா? ஹிஜ்ரத் செய்து வெறுங்கையுடன் மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்சாரித் தோழரான ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அதற்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதி எங்கே என்று கேட்டார்கள் அப்துர் ரஹ்மான் (ரலி). பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள். மக்காவில் வணிகராக இருந்தவர்கள், மதீனாவில் சிறு சரக்கோடு தொடங்குவதை இழிவாக எண்ணவில்லை.

இன்றைய கடைவீதிக்கும் வழி கேட்க வேண்டும். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ், பொறியியல் படித்தவர்கள் மட்டுமன்றிப் பிற பட்டதாரிகளும் நிறுவனங்களில் ஓராண்டுப் பயிற்சி பெறலாம். மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. முடிவில் அரசுச் சான்றிதழும் உண்டு. நம் பகுதிக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கும் போலி அனுபவத்திற்குப் பதில், அவர்களே பணம் கொடுத்துத் தரும் மெய்யான அனுபவம் இது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் அரசுத் தேர்வுகளுக்கு இலவசமாக வகுப்பு நடத்துகிறார்கள். 2007 முதல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத ஒதுக்கீடு இருந்தும், சாதிச் சான்றிதழைக் கடைசி நாளில் தேடி அலையும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் ஒரு மேஜை போட்டு, விவரமறிந்த இருவர் அமர்ந்து இந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தால் ஜமாஅத்திற்குச் செலவு என்ன ஆகிவிடும்?

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. 'பக்கத்து வீட்டுப் பிள்ளை துபாயில் சம்பாதிக்கிறான்' என்று சோற்றுத் தட்டின் முன்னால் சொல்லாதீர்கள். போலிச் சான்றிதழ் வாங்கச் செல்லும் பிள்ளைகளில் பலரை அந்தச் சொல்தான் அனுப்பிவைக்கிறது. முதல் சம்பளத்தில் உங்களுக்குத்தான் சேலை வரப்போகிறது, உம்மா. அது எந்த நூலில் நெய்யப்படுகிறது என்பதில் உங்களுக்கும் அக்கறை இருக்கட்டும்.

காத்திருக்கும் பிள்ளைகள் கஸஸ் அத்தியாயத்தில் வரும் நபி மூஸா (அலை) அவர்களின் சரித்திரத்தை மீண்டும் ஓதிப் பார்க்கட்டும். எகிப்தை விட்டு உயிர் தப்பி மத்யன் வந்தவர்களுக்கு வீடில்லை, வேலையில்லை, தெரிந்தவர் ஒருவருமில்லை. கிணற்றடியில் ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டினார்கள். கூலி கேட்கவில்லை. நிழலில் போய் அமர்ந்து, இறைவன் எந்த நன்மையை இறக்கினாலும் தாம் அதற்குத் தேவையுடையவர் என்று மட்டும் முறையிட்டார்கள். இன்ன சம்பளம், இன்ன ஊர் என்ற நிபந்தனை எதுவும் அதில் இல்லை. சற்று நேரத்தில் அப்பெண்களில் ஒருத்தி நாணத்துடன் நடந்து வந்து, தம் தந்தை அழைப்பதாகச் சொன்னாள். வேலைக்கு வைக்கத் தகுந்தவர் வலிமையும் நம்பிக்கையும் உடையவரே என்று தந்தைக்கு எடுத்துக் கூறியதும் அப்பெண்களில் ஒருத்திதான். ஆள் எடுப்போர் இன்றைக்கும் தேடும் அவ்விரண்டையும் கிணற்றடியில் தன் கண்ணால் கண்டவள் அவள். எட்டு வருடம் வேலை, விரும்பினால் பத்து என்று பேச்சாயிற்று. மூஸா (அலை) அவர்கள் எதை நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் பின்னாளில் கேட்டபோது, இரண்டில் அதிகமானதையே என்று பதிலளித்தார்கள்.