தோல் கற்பிக்கும் தம்மம்



துறவு பூணுவோனுக்குத் தலை மழிக்கும் வேளையில் ஆசாரியர் உபதேசிக்கும் தியானப் பொருள்கள் ஐந்து: கேசம், உரோமம், நகம், பல், தோல். பிறர் கண்ணுக்குப் புலப்படும் உடல் பெரும்பாலும் இவ்வைந்தே. உலகத்தார் ஒருவனை உயர்ந்தோன், தாழ்ந்தோன் என்று மதிப்பதும் இவற்றைக் கண்டன்றோ? ஆகவே இவற்றின் மெய்யியல்பை ஆராய்வோம்.

தோலில் மேற்றோல், உட்டோல் என இரு படலங்கள் உள்ளன. அவற்றின்கீழ்க் கொழுப்பு உண்டு. மேற்றோலின் அடியில் தோன்றும் உயிரணுக்கள் மேலெழுந்து, இறந்து, சில வாரங்களில் உதிர்ந்துபோகின்றன. மயிரும் நகமும் கெரட்டின் என்னும் புரதத்தால் இறுகிய உயிரற்ற பொருள்கள். மயிர் மாதத்திற்குச் சுமார் 1 சென்டிமீட்டரும், கைந்நகம் 3 மில்லிமீட்டரும் வளரும். வெட்டினால் வலிப்பதில்லை. அநித்தியம் என்று பகவான் உரைத்ததை நம் மேனியே நாள்தோறும் ஓதுகின்றது.

நிறம் யாது? மெலனின் என்னும் நிறப்பொருள். அதனை ஆக்கும் அணுக்கள் கறுத்தவர்க்கும் சிவந்தவர்க்கும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையின. ஆக்கும் அளவிலும் வகையிலுமே வேற்றுமை. கருமை இழிவன்று; கடும் வெயிலுக்குக் குடையாகும்.

தீட்டென்று நம் முன்னோரை விலக்கியவன் மேனியின் புறத்தே இருந்ததும் இறந்த அணுக்களே! 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் விதி தீண்டாமையை ஒழித்தது. ஆயினும், மகனுக்குப் பெண் தேடும் நம்மவரிற் சிலர், "பெண் சிவப்பா?" என்று வினவுகின்றனரே! பிறர் நம்மை அளந்த கோலால் நாம் நம் பெண்மக்களை அளக்கலாமோ?

தோலின் தொழில் காத்தலும் உணர்தலுமாம், தரம் பிரித்தலன்று. பெண் பார்க்கும் வீட்டில் நிறத்தை வினவாதீர், சீலத்தை வினவுங்கள்.

நமோ புத்தாய!