ஐயம் யார் கையில்?

ஐயுறு என்று கேட்டே நாம் வளர்ந்தோம். இன்று வகுப்பறையில் நின்று அதையே மாணவர்க்கும் சொல்கிறோம். ஆண்டவன் பெயரால் வந்தாலும், அரசன் பெயரால் வந்தாலும், ஆதாரம் எங்கே என்று கேள் என்கிறோம். அந்தக் கேள்வியைக் குற்றஞ்சாட்டப்பட்டவனே எடுத்துக் கேட்டால்? புகை கக்கும் ஆலை, பகுத்தறிவின் மொழியிலே, "எங்கே ஆதாரம்?" என்று வினவினால் நாம் என் செய்வோம்?

வினவியதுண்டு. நார்வே நாட்டின் தென்பகுதி ஏரிகளிலே மீன்கள் மடிந்தன. பிரிட்டனின் மின்நிலையப் புகைபோக்கிகள் கக்கிய கந்தகம் கடல் கடந்து வந்து அமில மழையாய் இறங்குகிறது என்றனர் அந்நாட்டார். மறுத்தனர் மின்துறையினர். நூறாண்டுக்கு முன் அந்த நீரை அளந்தவர் யார்? ஊசியிலைக் காடு வளர்த்ததால் வந்திருக்கலாமே! நார்வே நாட்டுப் புவியியலறிஞர் ரோசன்குவிஸ்டே, நிலத்தின் பயன்பாடு மாறியதுதான் காரணம் என்று வாதாடினார். நேர்மையாகச் சொல்வோம், இவை மூடக் கேள்விகள் அல்ல.

அளந்தவர் இல்லைதான். ஆனால் ஏரியின் அடியிலே சேறு இருந்தது!

டயாட்டம் என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. அதன் ஓடு சிலிக்காவாலானது. பாசி செத்தும் ஓடு எளிதில் அழியாது, படிந்துகொண்டே போகும். அமில நீரில் வாழும் இனம் வேறு, அமிலங்குறைந்த நீரில் வாழும் இனம் வேறு. ஆகவே சேற்றைக் குழாயிட்டு எடுத்து, படிவுகளை வரிசையாய்ப் பிரித்து ஓடுகளை எண்ணினால், அன்றைய நீரின் தன்மை தெரிகிறது. ஒவ்வொரு படிவின் வயதையும், ஏறத்தாழ 22 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகத் தேயும் ஈயம்-210 சொல்கிறது.

ஸ்காட்லாந்தின் காலோவே மலைப்பகுதியில், 'ரவுண்ட் லாக் ஆஃப் கிளென்ஹெட்' என்னும் சிற்றேரியிலும் இப்படித்தான் சேறு எடுத்தனர். பிளவர், பாட்டர்பீ எனும் இருவர் அப்பகுதி ஏரிகள் பற்றிய முடிவை 1983-இல் வெளியிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டு இச்சிற்றேரி அமிலமேறியிருந்தது. ஏறத்தாழ 5.5 ஆக இருந்த பி.எச். அளவு 5-க்கும் கீழே சரிந்தது. அதன் கரைச்சரிவுகளிலோ காடு வளர்க்கப்படவே இல்லை! மேற்படிவுகளில் நிலக்கரிப் புகையின் கரித்துகள் கிடந்தது. புகை குறைவாய் எட்டிய வடமேற்கு ஸ்காட்லாந்தில் இதே வகை ஏரிகள் இப்படிக் கெடவில்லை.

அதே 1983-இல், பிரிட்டனின் மின்வாரியமும் நிலக்கரி வாரியமும் 50 இலட்சம் பவுன் கொடுத்து, மூன்று நாட்டு அறிவியற் கழகங்களை ஆராயச் சொல்லின. காலங்கடத்தும் சூழ்ச்சி என்றோரும் உண்டு. சூழ்ச்சி இல்லை என்று நாமும் வாதிட மாட்டோம். ஆனால் 1990-இல் முடிந்த அந்த ஆய்வு, பணம் கொடுத்தவர்க்குப் பாதகமாகவே பேசிற்று. அதற்கு முன்பே, 1988-இல், கந்தகத்தைக் குறைக்க ஐரோப்பிய உடன்பாட்டிலே பிரிட்டன் இசைந்துவிட்டது.

எது ஐயம், எது சாக்கு? எந்தச் சான்று கிடைத்தால் வாயடைப்பேன் என்று முன்கூட்டியே சொல்பவனது ஐயம். பாட்டர்பீ குழுவினர் எதிர்க்கட்சியின் வாதங்களையும் ஏரி ஏரியாய்ச் சோதித்தனர். ஐயத்தை மதிக்கும் முறை அதுவே அன்றோ?

இதை வகுப்பிலே சொன்னபோது, கடைசி வரிசை மாணவன் எழுந்தான். "ஆய்வு முடியும் வரை புகையை நிறுத்தி வைத்தார்களா, ஐயா?"

இல்லை என்றோம். அமர்ந்துவிட்டான்.