அடுத்து உட்கார்ந்திருந்த அக்கா

பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரங்கள் ஓர் அரசுப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. எனக்கு ஒன்பதாம் வகுப்பு அறிவியல். பாடக்குறிப்பு எழுதுவது, சார்ட் தயாரிப்பது, கடைசி பெஞ்சை நம் பக்கம் திருப்புவது என்று எவ்வளவோ கற்றுக்கொண்டேன். ஆனால் இன்றும் நினைவில் நிற்பவை விடுப்புக் கடிதங்கள்தான். மாதம் ஒருமுறை இரண்டு நாள் வராமல் இருந்துவிட்டுத் திரும்பும் பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் 'காய்ச்சல்'. கடிதங்களை வாங்கி மேசையில் அடுக்குபவன் வகுப்புத் தலைவனான பையன். வேறு என்ன எழுத முடியும்?

என் வழிகாட்டி ஆசிரியை ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுவார். "பொய்னு தெரிஞ்சே போடுறீங்களே மேடம்?" என்றேன் ஒருநாள். "கேக்கக் கூடாததைக் கேட்டா பிள்ளை என்னம்மா சொல்லும்? இந்தப் பொய் அவ எழுதுனது இல்ல, நாம எழுத வச்சது" என்றார்.

அந்த மே மாதம் ஒரு தனியார் பள்ளியில் நேர்முகத் தேர்வு. வராந்தா பெஞ்சில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தோம். முதலில் டெமோ வகுப்பு. சவ்வூடு பரவலை எடுத்தேன். இரவே தண்ணீரில் ஊறவைத்திருந்த உலர் திராட்சையைக் காட்டி, உப்பிப்போனதற்குக் காரணம் கேட்டேன். நன்றாகவே போனது. பிறகு தாளாளர் அறை. அறிவியலைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. "கல்யாணம் எப்போம்மா? வீட்டுல பாக்குறாங்களா? பாதி வருஷத்துல பத்திரிகையைத் தூக்கிட்டு வந்து நிப்பீங்க, அடுத்த வருஷம் பிரசவ லீவு கேப்பீங்க."

எனக்கு ஆவணியில் கல்யாணம் என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். "இன்னும் மூணு வருஷத்துக்கு இல்ல சார்" என்றேன். குரல் நடுங்கவில்லை. வழிகாட்டி ஆசிரியையின் வார்த்தை துணைக்கு இருந்தது. பின்னால் அதே பள்ளியில் என்னோடு சேர்ந்த கணக்கு ஆசிரியரிடம் விசாரித்தேன். அவரிடமும் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டிருக்கிறார்கள். ஆகிவிட்டது என்றதும், "நல்லது, பொறுப்பா இருப்பீங்க" என்றார்களாம். ஒரே கேள்வி, ஆணுக்குத் தகுதியாகவும் பெண்ணுக்குக் குறையாகவும் ஆகிறது.

நான் சொன்ன பொய் தவறா? இதற்குப் பழைய விவாதம் ஒன்று உண்டு. உண்மையைக் கேட்கும் உரிமை உள்ளவருக்குத்தான் உண்மை சொல்லும் கடமை என்றார் பிரெஞ்சு எழுத்தாளர் பெஞ்சமின் கான்ஸ்டன்ட். இல்லை, கொலைகாரன் வந்து உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797-இல் பதில் எழுதினார் ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட். நம் வள்ளுவரோ, குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கிறார்.

நம் நாட்டில் இந்த விவாதம் நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்த நீரா மாத்தூர், கடைசி மாதவிடாய்த் தேதியைத் தவறாக எழுதிக் கர்ப்பத்தை மறைத்தார் என்று பணியிலிருந்து நீக்கப்பட்டார். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. அவர் எழுதியது பொய்யா என்பதோடு நிற்காமல், அந்தப் படிவம் என்ன கேட்கிறது என்று பார்த்தது. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, எத்தனை முறை கருத்தரித்தாய் என்றெல்லாம் கேட்ட கட்டங்களை நீக்கச் சொன்னது.

இதையெல்லாம் படித்து, தாளாளரிடம் சொன்ன பொய்க்கு எனக்கு நானே மன்னிப்பு வழங்கிக்கொண்டேன். ஆனால் அன்று நான் சொன்னது ஒரு பொய் மட்டுமில்லை.

அறையை விட்டு வெளியே வந்ததும், பெஞ்சில் எனக்கு அடுத்து இருந்த அக்கா கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டார்: "என்னம்மா கேட்டாங்க?" ஐந்து வருடம் வேறொரு பள்ளியில் அறிவியல் எடுத்தவர். நாலாவது மாதம் என்று காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தார். கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தில் எனக்கும் பாதி கொடுத்தவர். இரண்டு பேருமே அறிவியல். இடம் ஒன்று.

"சும்மா பாடத்தைப் பத்திதான்க்கா கேட்டாங்க" என்றேன்.

மாலை பேருந்து நிறுத்தத்தில் மறுபடியும் பார்த்தோம். "விசேஷம் ஏதாவது இருக்கான்னு கேட்டாங்கம்மா. திடீர்னு கேட்டதும் உண்மையைச் சொல்லிட்டேன். உன்கிட்ட கேக்கலையா?" என்றார். "இல்லக்கா" என்றேன். வேலை எனக்குக் கிடைத்தது. ஜூனில் அசல் சான்றிதழ்களை ஒப்படைத்துவிட்டுச் சேர்ந்தேன்.

நான் சொல்லியிருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. அவர் உண்மையையே சொல்லத் தீர்மானித்திருக்கலாம். ஆனால் அந்தத் தீர்மானம் அவருடையதாக இருந்திருக்கும். கேள்வி வரப்போகிறது என்று தெரிந்து உள்ளே போவதற்கும், தெரியாமல் போய் மாட்டிக்கொள்வதற்கும் நடுவே நான் நின்றேன். காண்ட், கான்ஸ்டன்ட் இருவருமே கேட்பவரையும் சொல்பவரையும் பற்றிப் பேசுகிறார்கள். அடுத்து உள்ளே போகப்போகிறவள் அந்தக் கணக்கில் இல்லை. முதல் பொய் என்னிடம் கேட்க உரிமையில்லாதவரிடமிருந்து என்னைக் காத்தது. இரண்டாவது, எல்லா உரிமையும் உள்ளவரிடமிருந்து என் போட்டியைக் காத்தது. ஒன்றை வைத்து மற்றதை நியாயப்படுத்த முடியாது.

ஆவணியில் பத்திரிகையோடு தாளாளர் முன் நின்றேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. அடுத்த தடவை எழுதியே வாங்கிடணும்" என்றார். அந்த நியாயமான பொய்க்கும் ஒரு விலை இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. தனியாக, ரகசியமாகச் சொல்லும் பொய் கேள்வியை அப்படியே விட்டுவிடுகிறது. இன்னும் கூர்மையாக்கி அடுத்தவள் மேல் திருப்பிவிடுகிறது. அதற்காக, வேலை தேவைப்படும் பெண் உண்மையைச் சொல்லித் தோற்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. கேள்வியைத் தடுக்க வேண்டிய பாரத்தை அவள் ஒருத்தியின் தலையில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்? ஆனால் கேட்கப்பட்டதை மற்ற பெண்களிடம் சொல்லலாம். ரகசியமாக இருக்கும்வரை அது என் தனிப்பட்ட சங்கடம். நாலு பேர் சேர்ந்து பேசும்போதுதான் அது அநீதி என்று பெயர் பெறும்.

இப்போது ஒவ்வொரு மே மாதமும், விடைத்தாள் கட்டும் வேறு சாக்குமாக நான் பள்ளிக்குப் போய்விடுகிறேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். "உள்ள கல்யாணத்தைப் பத்திக் கேப்பாங்க, குழந்தையைப் பத்திக் கேப்பாங்க. என்ன சொல்றதுன்னு இப்பவே யோசிச்சு வச்சுக்கோங்க" என்கிறேன். சிலர் பயப்படுகிறார்கள். சிலர் தங்களுக்குள் பேசத் தொடங்குகிறார்கள். போன வருடம் ஒரு பெண், "கேட்டா, இதை ஏன் சார் கேக்கறீங்கன்னு நாம எல்லாருமே திருப்பிக் கேட்டா என்ன?" என்றாள்.

அந்த அக்காவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவருக்குச் சொல்லாததைத்தான் ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.