தறியும் தருமமும்

கருவி பெருகப் பெருக உழைப்பவரின் பாரம் குறைய வேண்டும். குறைவது பாரமா, உழைப்பவரின் எண்ணிக்கையா? பொருளியலார்க்கு முன்னரே அறவோர் விடைகாண வேண்டிய வினா இது.

மாதேஸ்வரன் மலையைக் கொண்ட கொள்ளேகால் வட்டம் 1956 வரை நம் கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பட்டுக்குப் பெயர் பெற்றது. அதனருகே சிவசமுத்திரத்தில் 1902-இல் மின்னாற்றல் பிறந்தது. 1912-இல் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் சுவிட்சர்லாந்திலிருந்து 32 விசைத்தறிகளை வரவழைத்துப் பட்டு ஆலை நிறுவினார். கைத்தறி பழகிய மண்ணில் அன்றே இவ்வினா முளைத்துவிட்டது.

இன்று பெங்களூரிலும் திருப்பூரிலும் பல ஆயத்த ஆடை ஆலைகளில் துணியை விரிப்பதும் வெட்டுவதும் கணிப்பொறி இயக்கும் இயந்திரங்களின் வேலையாகிவிட்டன. நூலைத் தானே கத்தரிக்கும் தையல் இயந்திரம், கத்தரிக்கோலுடன் நின்ற உதவியாளரைத் தேவையற்றவராக்குகிறது. நெகிழும் துணியைக் கையாள்வது இயந்திரத்துக்கு இன்னும் கடினமாதலால், தையல் பெரும்பாலும் பெண்களின் விரல்களிலேயே நிற்கிறது. ஆயினும் மிச்சமான நொடிகள் அவ்விரல்களுக்கு ஓய்வாக வருவதில்லை; மணிக்கு இத்தனை உருப்படி என்னும் இலக்கு உயர்ந்துவிடுகிறது. மேற்பார்வையாளரும் தப்பவில்லை. அவர் பிரிவின் கணக்கு மேலிடத்துத் திரையில் உடனுக்குடன் தெரிகிறது. "ஏனம்மா சோர்வு?" என்று முகம் பார்த்துக் கேட்க வேண்டியவர், எண்ணைப் பார்த்து அதட்டுகிறார்.

இயந்திர மோகத்தை எதிர்த்த காந்தியடிகள், 1924-இல் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். மனைவி கையால் தைத்து வருந்துவதைக் காணப் பொறாத அன்பே அதனைத் தோற்றுவித்தது என்பது அவர் கருத்து. யாருடைய வருத்தம் குறைகிறது என்பதே அவர் கொண்ட அளவுகோல்.

நிர்வாகத்தின் வாதத்திலும் உண்மையுண்டு. வியட்நாமும் வங்காளதேசமும் போட்டியிடும் சந்தையில் இயந்திரத்தை மறுத்தால் ஆலையே மூடப்படலாம். இயந்திரம் வாங்குவது கட்டாயமாயிருக்கலாம்; அதன் பயன் முழுவதையும் ஒரு சாராரே எடுத்துக்கொள்வது எவ்வகையில் கட்டாயம்? ஆட்குறைப்புக்கு இடந்தரும் இயந்திர மாற்றத்துக்கு 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டியது. இருபத்தொரு நாளில் ஒருத்தி புதுத்தொழில் கற்றுவிட இயலுமா? சட்டம் நின்ற இடத்திலிருந்து அறம் நடக்க வேண்டும். பயிற்சி முந்துக, இயந்திரம் பிந்துக. மிச்சமான நேரத்தில் ஒரு பங்கு உழைத்தவளுக்கு உரியதாகுக.

மாதேஸ்வரர் புலியை ஊர்தியாகக் கொண்டவர் என்பது மலைமக்களின் நம்பிக்கை. புலிவாலைப் பிடித்தவன் நிலையையும் தமிழர் அறிவர். இயந்திரப் புலிமேல் சிலர் அமர்ந்திருக்க, பலர் அதன் வாலைப் பற்றி ஓடுகின்றனர். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நம் குடும்பத்துப் பெண்களும் அவருள் உண்டு. அவர்களுக்காகக் கேட்பது இரக்கமன்று, நியாயம்.